கேள்விச் செல்வமும் இளையோரும்



திருக்குறள் பொருட்பாலின் அதிகார வைப்புமுறை ஊன்றி நோக்குதற்குரியது. 40ஆம் அதிகாரம் கல்வி. 41ஆம் அதிகாரம் கல்லாமை. அதனையடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்த பின்னரே வள்ளுவர் அறிவுடைமைக்குச் செல்கிறார். கல்லாமையைக் கடுஞ்சொற்களால் பழித்தவர், கல்லாதவரை அங்கேயே கைவிட்டுவிடவில்லை. கேள்வி என்னும் மற்றொரு வாயிலைத் திறந்து வைக்கிறார். ஏடு கற்கும் வாய்ப்பினை இழந்தவரும் நல்லன கேட்டு அறிவுடையராகலாம் என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும்.

இக்கருத்தைத் தனிமனிதர்க்குக் கூறிய அறிவுரையாகக் கொள்வதே வழக்கம். சமூகத்தின்மேல் வைத்துப் பார்க்குங்கால் அது வேறொரு பொருள் தருகிறது. கேட்க விரும்பும் இளையவர்க்கு அமர்ந்து கேட்க ஓர் இடம் வேண்டும். சொல்லுதற்கு ஒருவர் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்க ஓய்வும் வேண்டும். இவற்றைத் தமிழ்ச் சமூகம் யார்க்கு அளித்தது? யார்க்கு மறுத்தது? பள்ளிகளின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. பள்ளி மணி அடித்த பின்னரும், பள்ளி வாயிலையே காணாமலும் இளையோர் கழித்த பொழுதுகளின் வரலாறு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. கடந்த நூறாண்டுத் தமிழகத்திலிருந்து சில சான்றுகளைக் கொண்டு அதனை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற அவையே. இலக்கிய வட்டம் என்பதும் அடிப்படையில் ஒரு கேள்வி மன்றமே அன்றோ!

பாலர் சபைகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிக்கு அனுப்ப இயலாத ஏழைப் பெற்றோர் தம் ஆண்மக்களை ஒப்படைத்த இடங்களுள் ஒன்று நாடகக் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வயது வந்த நடிகர்கள் மேடையில் தம் மனம்போன போக்கில் பேசியும் பாடியும் வந்த காலம் அது. சொன்னதைச் சொன்னபடி கற்றுக்கொள்ளும் சிறுவர்களைக் கொண்டு நாடகத்தை ஒழுங்குக்குள் கொண்டுவர அவர் முயன்றார். அச்சபையில் சேர்ந்தபோது தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவனின் திறனைக் கண்ட சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவனுக்காகவே ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' ஒரு கலைஞரின் தன்வரலாறு மட்டுமன்று. வகுப்பறை காணாத சிறுவர் கூட்டம் ஒன்று வளர்ந்த வரலாறுமாகும்.

கம்பெனி வீடு சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தது. பகலெல்லாம் பாட்டும் பாடமும், இரவில் நாடகம். நெட்டுருப் போட்ட பாடல்களின் வழியே சந்தமும், உரையாடல்களின் வழியே செந்தமிழ் நடையும் அவர்தம் நாவில் பதிந்தன. எம்.ஜி. இராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, சிவாஜி கணேசன் முதலியோர் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. அவர்களுள் எவரும் பள்ளியில் நெடுங்காலம் பயின்றவரல்லர். ஆயினும் தமிழை எங்கே நிறுத்தி எங்கே நீட்டிச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவர்கள் அவர்களே என்பதில் ஐயமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தனர்; பாடம் தவறினால் அடியும் வசவும் பெற்றனர். எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பருவத்தையே நாடக உலகம் அவ்வாறு அழைத்தது. பெண் வேடத்திலும் பாலகன் வேடத்திலும் நேற்றுவரை கைதட்டல் பெற்ற சிறுவன், குரல் உடைந்ததும் வேடம் இழந்தான். குரல் மீண்டும் தெளிந்தவர் சிலர் பெயர் பெற்றனர். தெளியாதவர் பலர் திரை இழுப்பவராகவும் எடுபிடிகளாகவும் ஆயினர்; வீடு திரும்பியவரின் பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குரலுக்கே அங்கு மதிப்பு இருந்தது. அக்குரலுக்கு உரிய சிறுவன் என்ன எண்ணுகிறான் என வினவுவார் அரியர்.

படிப்பகமும் அச்சகமும்

நாடகக் கம்பெனிக்கு நேர்மாறான ஓரிடம் படிப்பகம். அங்கே யாரும் பாடம் ஒப்புவிக்க வேண்டியதில்லை. விரும்பியதைப் படிக்கலாம், படித்ததைப் பற்றி வாதிடலாம்.

நூலைத் தேடி மக்கள் வருதல் போலவே மக்களைத் தேடி நூல் செல்லுதலும் வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் 1930களிலேயே வேரூன்றியது. சென்னை நூலகச் சங்கம் 1928இல் தோன்றியது. 1931இல் எஸ்.ஆர். இரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பள்ளியும் இல்லாத ஊரின் தெருமுனையில் நூல்களோடு ஒரு வண்டி வந்து நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தால், அம்முயற்சியின் அருமை விளங்கும். 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகும். சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பட வழிசெய்த அச்சட்டத்தால், ஊரில் வீடுடையார் ஒவ்வொருவரும் முகமறியா ஓர் இளைஞனின் வாசிப்புக்குச் சிறு பங்கு அளிப்பவராயினர்.

அரசு நூலகம் எட்டாத இடங்களில் இயக்கங்களின் படிப்பகங்கள் எழுந்தன. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் நடத்திய மன்றங்களும், தேநீர்க் கடைகளும், முடிதிருத்தும் நிலையங்களும் 1940களிலும் 1950களிலும் மாலைநேரப் பள்ளிகளாக விளங்கின. ஒரு பலகை, இரண்டு விசிப்பலகைகள், நாலைந்து இதழ்கள், ஓர் அரிக்கேன் விளக்கு ஆகியவற்றைக் கொண்டே படிப்பகம் நடந்தது. எழுத்தறிந்தவர் உரக்கப் படிப்பார், அறியாதவர் கேட்பார். படித்து முடிந்ததும் வாதம் எழும். நெசவாளியும் கடைச் சிப்பந்தியும் அதில் கலந்துகொள்வர். நேற்று வந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, தலைவர் எழுதியது தவறென்று சொல்லலாம். அதற்கு ஒரு மறுமொழி கிடைக்கும். வள்ளுவர் கூறிய கேள்வி இங்கே இருபொருள் பெறுகிறது. கேட்டறிதலும் கேள்வி, வினாவுதலும் கேள்வி. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்த இடங்களிலிருந்தே தமிழ் எழுத்தின் புதிய குரல்கள் சில எழுந்தன.

ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். சிறு பருவத்திலேயே சென்னைக்கு வந்த அவர்க்குப் பொதுவுடைமைக் கட்சியின் அலுவலகம் இல்லமாகவும் பள்ளியாகவும் அமைந்தது. அங்கே தங்கியிருந்த பெரியோர் அவரைக் கையாளாக மட்டும் கருதவில்லை. எதிர்வாதம் செய்ய விட்டனர். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதினைப் பெற்ற எழுத்தாளரின் உரையாடல்களில் பொங்கும் வாதத் திறனுக்கு அவ்வலுவலகத்தின் இரவுகள் ஊற்றாயின எனலாம். விந்தன் அச்சுக் கோப்பவராக வாழ்வைத் தொடங்கியவர். பிறர் எழுதியவற்றை ஈய எழுத்துகளாகப் பொறுக்கிக் கோத்தவரைக் கல்கி எழுத்தாளராக இனங்கண்டு தம் இதழின் ஆசிரியர் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்றவர். உழவர் இயக்க மேடைகளே அவர் பாடிப் பழகிய களம். பள்ளிப் படிப்பு நெடிது செல்லாத கி. ராஜநாராயணன் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்தார்.

இவர்களின் இயற்கையான அறிவாற்றலே இவர்களை உயர்த்தியது என்பார் உளர். அது பாதி உண்மை. அதே ஆற்றலுடைய எத்தனையோ இளையோர், ஒரு படிப்பகமோ ஒரு மேடையோ ஒரு கல்கியோ வாய்க்காமல் மறைந்திருப்பர் என்பது மறு பாதி.

யார் கையில் அந்தப் பொழுது?

வகுப்பறைக்கு வெளியே உள்ள பொழுது யாருக்குரியது என்ற வினா தமிழகத்தின் அரசியலையே ஒருமுறை புரட்டியிருக்கிறது. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி ஊர்ப்புறங்களில் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு கைத்தொழிலையோ பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிகளும் ஆசிரியர்களும் குறைவாயிருந்த நிலையில் இரு வேளையாகப் பிரித்தால் இரு மடங்கு பிள்ளைகள் பயிலலாம் என்பது அரசின் வாதம். கைத்தொழிலுக்கு மதிப்பளிப்பதும் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

ஆயினும் சாதியால் தொழில் வகுக்கப்பட்ட சமூகத்தில் தந்தையின் தொழிலைப் பழகுதல் என்பதன் பொருள் அனைவர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. வழக்கறிஞரின் மகனுக்கு மாலைப்பொழுதில் நூல்கள் காத்திருந்தன. சலவைத் தொழிலாளியின் மகனுக்கு ஆற்றங்கரை காத்திருந்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வரலாற்றில் பலரும் நோக்காத நுட்பம் ஒன்றுண்டு. எதிர்ப்பாளர் காத்தது மூன்று மணி நேரப் பாடத்தை மட்டுமன்று; பிள்ளையின் மறுபாதிப் பொழுதையும் பிறப்பு கைப்பற்றிவிடக் கூடாது என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர். ஓய்வு என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணத்தை அப்போராட்டம் அசைத்தது.

அசைத்தது; வீழ்த்தவில்லை. சட்டத்தின் பெயரால் கைவிடப்பட்டதை வறுமையின் பெயரால் சந்தை நடத்திவந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன்னரே ஊர்களுக்கு வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டியில் குச்சி நிரப்புதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய பணிகளுக்குச் சிறு விரல்களே விரும்பப்பட்டன. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. ஆதலின் பேசுவதற்கும் நிமிர்வதற்கும் நேரமில்லை. அவர்களுள் பெண்குழந்தைகளே மிகுதி. தமையனின் பள்ளிச் செலவுக்குத் தங்கையின் கூலி பயன்பட்ட வீடுகளும் இருந்தன. பூமணி இவ்வட்டார வாழ்வை அறிந்தவராதலின் 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படத்தின் வழி இக்கொடுமையைக் காட்டினார்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையைப் பணியிலமர்த்தும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2016இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. பேருந்துகளில் பிள்ளைகள் நெருக்கியடித்துச் சென்ற காட்சி பெரிதும் மறைந்தது. சட்டமும் பள்ளியும் சத்துணவும் மக்கள் இயக்கங்களும் கூடியே இதனைச் செய்தன. ஒரு நாட்டில் பிள்ளையின் பொழுதை மீட்டெடுக்க எத்துணை கைகள் வேண்டியிருந்தன என்பதற்கு இது சான்று.

திண்ணைக்கு வராதவர்

இதுகாறும் கூறிய பாலர் சபை, படிப்பகம், அச்சகம், கட்சி அலுவலகம் ஆகிய நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றுள் சிறுமியர் இல்லை. நாடக மேடையில் சீதையும் வள்ளியும் தோன்றினர். வேடம் புனைந்தவன் சிறுவன். படிப்பகத்தில் பெண் விடுதலை பற்றிய வாதம் நள்ளிரவு வரை நடந்தது. வாதிட்டவரின் தங்கை வீட்டினுள் உறங்கப் போயிருந்தாள்.

ஆதலின் பெண்கள் தமக்கான கேள்விக் களத்தை வீட்டினுள்ளேயே மறைவாக அமைத்துக்கொள்ள நேர்ந்தது. 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகி பள்ளி சென்றவரல்லர். முதற் படைப்பை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பின்னர் எழுதக் கற்றுக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் படைத்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். இத்தனைக்கும் வித்திட்டது அருகிலிருந்து கேட்டு எழுதிய தோழியின் கைதான். பள்ளியோ சங்கமோ செய்யாததை ஒரு நட்பு செய்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும் நிலை முற்றும் மாறிவிடவில்லை என்பதற்குக் கவிஞர் சல்மாவின் வாழ்வு சான்றாகும். 1968இல் பிறந்து துவரங்குறிச்சியில் வளர்ந்த அவர்க்குப் பருவம் எய்திய வயதில் பள்ளி நின்றது. வீட்டின் வாயிலும் அடைபட்டது. அதற்கு முன்னர் ஊர் நூலகம் அவர்க்கு உலகத்தைக் காட்டியிருந்தது. வாயில் அடைபட்ட பின் மளிகைப் பொருள் மடித்து வந்த தாள்களையும் படித்ததாக அவர் கூறியுள்ளார். புனைபெயரில் மறைந்து எழுதிய கவிதைகள் 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' எனத் தொகுப்பாயின. அடுத்த ஆண்டே அவர் தம் பேரூராட்சியின் தலைவரானார். வெற்றிக் கதையாக மட்டும் இதனைக் கொண்டாடுதல் எளிது. ஊர் நூலகத்தின் படியில் ஒரு சிறுமி ஏறியதும், ஏறக்கூடாதெனத் தடுக்கப்பட்டதும் ஒரே சமூகத்தின் செயல்கள் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டுவது. நூலகத்தைக் கட்டிய சமூகம், அங்கே செல்லும் வழியைப் பாதிப் பேர்க்கு அடைத்து வைத்தது.

அவ்வழியைத் திறக்க முயன்ற பெருமுயற்சிகளுள் அறிவொளி இயக்கம் தலையாயது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அவ்வியக்கத்தில் பயின்றவர் பெரும்பாலும் வயது வந்த பெண்கள். பயிற்றுவித்தவருள் பலர் இளைஞர். அவர்களுள் கிராமத்து இளம்பெண்கள் திரளாக இருந்தனர். பத்தாம் வகுப்போடு வீட்டிலிருந்த பெண், மாலையில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து தன் தாய் வயதினர்க்கு எழுத்தறிவித்தாள். ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்ததால் மிதிவண்டி கற்றாள். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் அவளைப் பின்பற்றினர். 1992இல் பெண்கள் திரளாக மிதிவண்டிகளில் ஊர்வலமாக வந்தபோது, எழுத்தறிவு என்பது பலகையிலுள்ள எழுத்து மட்டுமன்று என்பது கண்கூடாயிற்று. ச. தமிழ்ச்செல்வன், ச. மாடசாமி முதலியோர் அறிவொளி அனுபவங்களை எழுதியுள்ளனர். கற்பிக்கச் சென்றவரே மிகுதியாகக் கற்றனர் என்பது அவ்வெழுத்துகளால் புலனாகும். பாடம் சொன்னவரைக் கல்லாத தாய்மார் கேட்ட வினாக்களே அவர்களின் பாடமாயின.

இற்றை நாள்

முப்பதாண்டுக்குப் பின் அதே ஊற்று வேறு வடிவில் பெருகியது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் கற்றதை மறந்திருந்த நிலையில், தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது. மாலைதோறும் கோயில் மண்டபங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கதையும் பாட்டும் கணக்கும் சொன்ன தன்னார்வலருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பட்டம் பெற்றும் மணமாகி வீட்டோடு இருந்தவர் பலர் ஊர்ப்பிள்ளைகளால் அக்கா என்றழைக்கப்பட்டனர். 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. சிறுவர்க்கெனத் தனிப்பகுதி கொண்ட இவற்றில் விடுமுறை நாளில் பிள்ளைகள் நிறைந்திருக்கும் காட்சி, மேலவாசல் மாட்டு வண்டியின் வழித்தோன்றல் என்றே சொல்லத்தக்கது.

இவை மகிழ்தற்குரியன. இவற்றின் அருகிலேயே வேறொரு படிப்பும் நடைபெறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரை உடன்பயின்ற மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டிவருதலைத் தடுக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றை எந்தப் பாடநூலும் கட்டச் சொல்லவில்லை. எந்த ஆசிரியரும் பாடவேளையில் வண்ணம் பிரித்துக் கற்பிக்கவில்லை. தெருமுனையும், விழாப் பந்தலும், சுவரொட்டியும், கைப்பேசியும் கற்பித்தன. ஐம்பதாண்டுகளுக்கு முன் அதே தெருமுனையில் படிப்பகம் இருந்தது. அது மூடப்பட்ட இடத்தில் வெற்றிடம் உண்டாகவில்லை. வேறொருவர் வந்து அமர்ந்துகொண்டார். அவரும் இளைஞனுக்கு அமர இடம் தருகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், உணவு வாங்கித் தருகிறார், அவனைப் பெரியவனாக மதிக்கிறார். வினாவுதலை மட்டும் அவர் பொறுப்பதில்லை.

படிப்பகத்தையும் கயிற்றையும் பிரித்தறியும் அளவுகோல் இதுவே. இரண்டும் இளையோரை வரவேற்கின்றன. இரண்டும் ஒரு கூட்டத்தில் சேர்க்கின்றன. ஒன்றில் அவன் எழுந்து மறுத்துப் பேசலாம். மற்றொன்றில் மறுத்தால் அவன் பகைவன். பழைய படிப்பகங்களும் குற்றமற்றன அல்ல. ஊர்த்தெருவின் திண்ணையில் சேரிப் பிள்ளை சமமாக அமர முடியாத ஊர்கள் பல இருந்தன, பெண்கள் வரவேயில்லை. அக்குறைகளைக் களைந்து அவற்றைப் புதுப்பிப்பதற்கு மாறாக, அவற்றைத் தேய விட்டதே அண்மைத் தலைமுறையினரின் பெரும்பிழை.

இலக்கிய வட்டங்களின் கடன்

இத்தகைய நிலையில் ஓர் ஊரின் இலக்கிய வட்டம் யாது செய்தல் கூடும்? மாவட்டம் முழுதும் மாற்றுதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அதன்பால் ஒரு கூடம் உண்டு; நாற்காலிகள் உண்டு; மாதம் ஒரு மாலை உண்டு; கேட்கப் பழகிய செவிகள் உண்டு. இவை சிறியன அல்ல. அரிக்கேன் விளக்கும் இரண்டு விசிப்பலகைகளும் செய்ததை மேலே கண்டோர் இவற்றின் வலிமையை அறிவர்.

இலக்கிய அமைப்புகள் இளையோரை அழைக்கும் முறை பெரும்பாலும் போட்டி வழியாகவே அமைகிறது. கவிதைப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி எனப் பள்ளிகளுக்கு மடல் செல்லும். மாணவர் வருவர், பரிசு பெறுவர், படம் எடுத்துக்கொள்வர், மறு ஆண்டு வரை அவர் முகம் காணல் அரிது. இது பாலர் சபையின் முறையே அன்றி வேறன்று. குரல் கேட்கப்படுகிறது, குரலுக்குரியவர் அறியப்படுவதில்லை. மேலும் பள்ளி வழியே செல்லும் மடல், பள்ளியை விட்டு நின்றவரை எட்டாது. பட்டறையில் பணிபுரியும் பையனும், துணிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டிருக்கும் பெண்ணும் கவிதை எழுதுவதில்லை என்று யார் கண்டது? எழுதியதைக் காட்ட அவர்க்கு ஓரிடம் இருந்ததா என்பதே வினா.

அவ்விடமாகத் திகழ இலக்கிய வட்டம் விரும்பின், செய்யவேண்டுவன அரியன அல்ல. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் கூட்டத்திற்குக் கிராமத்துப் பெண் எவ்வாறு வருவாள்? கடைசிப் பேருந்து எட்டரை மணிக்குச் சென்றுவிடும் ஊரில், கூட்டத்தின் நேரமே கதவடைப்பாகிவிடுகிறது. ஞாயிறு முற்பகலுக்கு மாற்றினால் அக்கதவு திறக்கும். ஞாயிறும் ஓய்வில்லாத கடைப் பணியாளர்க்கு வேறொரு வேளையை எண்ணலாம். கூட்டத்தின் இறுதியில் நேரமிருந்தால் இளையோர் படிக்கலாம் என்னும் வழக்கத்தை மாற்றி, முதல் அரைமணியை அவர்க்கே அளித்தல் தகும். படித்தபின் கைதட்டி அனுப்புவதினும், இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தாய் எனக் கேட்பதே மேலான சிறப்பு. அவர் மூத்த கவிஞரின் வரியைச் சுட்டி, இது எனக்குப் பொருளாகவில்லை என்று கூறுமிடத்து, அவையோர் முகம் சுளியாதிருத்தல் அதனினும் மேலானது.

கோதைநாயகிக்குக் கேட்டு எழுதிய தோழி, விந்தனை இனங்கண்ட ஆசிரியர், ஜெயகாந்தனை வாதிட விட்ட தோழர்கள், ஊர்களுக்கு நூல்வண்டி அனுப்பிய கனகசபைப் பிள்ளை ஆகியோர் இளையோர்க்குச் செய்தவை வேறுவேறாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. தம் பொழுதில் ஒரு பகுதியை, பயன் உறுதியில்லாத நிலையிலும், பிறர் பிள்ளைக்கு அளித்தனர். அப்பிள்ளை என்னவாவான் என்பது அவர்க்கு அன்று தெரியாது.

அடுத்த பத்தாண்டு நிறைவில் இவ்வட்டம் மீண்டும் ஒரு மலர் வெளியிடும். அம்மலரில் எழுதுவோருள் பள்ளியை இடையில் விட்ட ஒருவரேனும், இக்கூடத்தின் கடைசி வரிசையில் தயங்கி அமர்ந்து முதன்முதலாக ஒரு வினாவை எழுப்பியவரேனும் இடம்பெறுவாராயின், அதுவே இன்று நடைபெறும் விழாவின் பயனாகும். கடைசி வரிசை நாற்காலிகள் இன்றும் காலியாகவே உள்ளன. அவற்றில் அமர வேண்டியோர் இவ்வூரிலேயே இருக்கின்றனர். அழைப்பு மட்டுமே இன்னும் சென்று சேரவில்லை.